மகளுக்குப் பள்ளி பார்க்கும்போது

ஒரு தலைமுறைக்கு முன்னால் நம் சிறுநகரங்களில் பல வீடுகளில் ஒரே ஏற்பாடுதான். பையன் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு வேனில் போவான். பெண் தெருக்கோடியில் இருக்கும் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கு நடந்து போவாள். அதை அநியாயம் என்று யாரும் சொன்னதில்லை. அவள் பங்குக்குத்தான் நகைச்சீட்டு கட்டுகிறோமே என்பார்கள். இந்த வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பைக் கணக்கெடுக்கும் 'ஏசர்' அறிக்கைகள், தனியார் பள்ளிகளில் பையன்களின் விகிதமே கூடுதல் என்று நாடு முழுவதற்குமாகத் தொடர்ந்து சொல்லிவந்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் இது கண்ணெதிரே தளர்ந்துவருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். இரண்டும் பெண்ணாகப் பிறந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் இப்போது ஏராளம். போட்டிக்குப் பையன் இல்லாத வீட்டில் ஃபீஸ் முழுக்கப் பெண்களுக்குத்தான். மளிகைக் கடைக்காரரும் பெயின்டரும் இரண்டு மகள்களையும் டை கட்டி, ஷூ போட்டு வேனில் ஏற்றுகிறார்கள். தனியார் பள்ளி மோகம் என்று இதை எள்ளுவது எளிது. ஆனால் மகளின் படிப்புக்காகக் கடன் வாங்கத் துணிந்த முதல் தலைமுறைத் தகப்பன்கள் இவர்கள். அந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

நோக்கத்தில் பழுதில்லை. பள்ளியை எடைபோட அவர்கள் கையில் எடுக்கும் அளவுகோல்களில்தான் பிரச்சினை.

முதல் அளவுகோல் ஆங்கிலம். இதைச் சீக்கிரமே பேசி முடித்துவிடலாம். 2010-11இல் தொடங்கிய சமச்சீர்க் கல்விக்குப் பிறகு மெட்ரிகுலேஷனுக்கென்று தனிப் பாடத்திட்டம் கிடையாது. அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் எந்தப் பாடமோ அதே பாடம்தான் மெட்ரிகுலேஷனிலும். வேறுபடுவது பாடப்புத்தகம் அல்ல, வகுப்பில் காதில் விழும் பேச்சு. அந்தப் பேச்சு மிஸ்ஸின் வாயிலிருந்து வர வேண்டும். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வருகிறதா என்று பெற்றோர் கேட்பதில்லை. தமிழில் பேசினால் அபராதம் என்ற பலகையைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள்.

இரண்டாவது அளவுகோல் பாதுகாப்பு. மகள் என்று வந்ததும் இதுவே முதலிடத்துக்கு ஏறிவிடுகிறது. அட்மிஷன் அறையில் கேட்கப்படும் கேள்விகளைக் கவனித்தால் தெரியும். காம்பவுண்டு சுவர் உயரமா, கேமரா இருக்கிறதா, கேட்டில் வாட்ச்மேன் உண்டா, பையன்களுக்குத் தனிப் படிக்கட்டா, பெரிய வகுப்புப் பையன்களோடு பேச விடுவீர்களா? பள்ளிகளும் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. கண்டிப்பு என்பது அவர்களின் முக்கியமான விற்பனைச் சரக்கு. இரட்டைப் பின்னல், அதில் ரிப்பன், எதிர்வரிசைப் பையனிடம் பேசினால் டையரியில் குறிப்பு. ஏழு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், இப்பவே பழகட்டும் என்று பதில் வரும். பள்ளியைத் தேடும்போதே வீட்டுக் காவலின் நீட்சியைத் தேடுகிறோம். பணம் வாங்கிக்கொண்டு பள்ளி அதைத் தருகிறது.

இந்தக் காவல் எவ்வளவு தூரம் காக்கும்? 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடந்தது. அங்கே மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். முகாம் நடத்த வந்தவர்கள் சுவரேறிக் குதிக்கவில்லை. பள்ளியே கதவைத் திறந்து உள்ளே விட்டது. விஷயத்தை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். 2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற பள்ளிகளின் முன்னாள் மாணவிகள் சமூக ஊடகங்களில் அடுத்தடுத்து வாய் திறந்தபோது தெரியவந்ததும் இதே முறைதான். தொல்லை வகுப்பறைக்குள் இருந்தது. புகார் போக வழியில்லாமல் இருந்தது. பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்ற கவலை எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த குற்றம் தெரியவந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது தனிக் குற்றம். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தாளாளருக்கு இது தெரியுமா என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கோபமாக அல்ல, சாதாரணமாக: ஒரு பிள்ளை மிஸ்ஸிடம் எதையாவது சொல்லி அழுதால் அடுத்து இங்கே என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் பள்ளியும் நிதானமாகப் படிப்படியாக விளக்கும் பள்ளியும் வேறு வேறு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் கண்ணில் படும் சுவரில் எழுதியிருக்கிறதா, ஆபீஸ் ரூமுக்குள் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறதா என்பதிலிருந்தும் கொஞ்சம் புரியும். வாயை மூடிக்கொண்டிருப்பதையே நல்ல பழக்கம் என்று பெண்ணுக்குக் கற்பிக்கும் பள்ளியில், அவள் சொல்ல வேண்டிய நாளில் சொல்லமாட்டாள். கண்டிப்பில் மயங்கும் பெற்றோர் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

அடுத்தது வேன். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன; உதவியாளர் கட்டாயமானார். பள்ளி திறக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் மஞ்சள் பேருந்துகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பது பத்திரிகைகளில் படமாகவே வருகிறது. ஆனால் பள்ளிக்குச் சொந்தமில்லாத வேனும் ஷேர் ஆட்டோவும் அந்த வரிசையில் நிற்பதில்லை. சின்னப் பிள்ளைகள் பலர் ஏறுவது அவற்றில்தான். காலையில் முதலில் ஏறி மாலையில் கடைசியாக இறங்கும் பிள்ளை யார், அவள் இறங்கும்வரை ஆயா வேனில் இருக்கிறாரா? கேமரா எத்தனை என்று கேட்பதைவிட இதைக் கேட்பது உபயோகம்.

இனி, எந்த நோட்டீஸிலும் அச்சாகாத விஷயத்துக்கு வருகிறேன். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் நிரம்பியபடியே திரும்பிவருவதைப் பெண் குழந்தை இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். குடித்தால் போக வேண்டிவரும், போகுமிடம் சரியில்லை. அதனால் ஆறு வயதிலேயே குடிக்காமல் இருக்கப் பழகிவிடுகிறாள். வீடு வந்து சேர்ந்ததும் பையைத் தூக்கியெறிந்துவிட்டுக் குளியலறைக்கு ஓடுகிறாள். சிறுநீர்த் தொற்று பையன்களைவிடப் பெண் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. அடக்கிவைப்பதும் தண்ணீர் குடிக்காததும் அதைக் கூட்டும். ஆண்டுக்கு அரை லட்சம் ஃபீஸ் கட்டும் பள்ளியிலும் இந்த நிலை உண்டு.

கல்வி உரிமைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. அங்கீகாரம் கொடுக்க வரும் அதிகாரி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போவார். தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, மத்தியானத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வருகிறதா, இன்டர்வெல் தவிர மற்ற நேரத்தில் போக விடுகிறார்களா என்பதெல்லாம் படிவத்தில் இல்லை. நாலாவது, ஐந்தாவது படிக்கும்போதே வயதுக்கு வந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாப்கின் எங்கே கிடைக்கும், எதில் போட வேண்டும் என்று பிரைமரி பள்ளிகளில் யோசித்துவைத்திருப்பவர்கள் குறைவு. அட்மிஷனுக்குப் போகும் தாய், விருந்தினர் கழிப்பறையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுடையதை, அதுவும் மதியம் இரண்டு மணிக்குமேல் போய்ப் பார்க்கட்டும். ஸ்மார்ட் போர்டைப் பார்ப்பதைவிட அந்த ஐந்து நிமிடத்தில் பள்ளியைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

கட்டடத்தையும் விட்டுவிட முடியாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகியது நெரிசலான பள்ளிக் கட்டடத்தில், ஓலைக்கூரைத் தீயில். அதன் பின் ஓலைக்கூரைகள் போயின. நெரிசல் எல்லா ஊரிலும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்துக்கும் லாட்ஜுக்கும் நடுவே மூன்று மாடியில் நடக்கும் நர்சரி பிரைமரிகள் இன்றும் உண்டு. மைதானம் இல்லாத அந்தப் பள்ளிகளில் பி.டி. பீரியடில் கணக்கு போடுகிறார்கள். இருக்கிற பள்ளியிலும் பந்து பையன்களிடம் போகும், பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

தனியார் பிரைமரிகளின் ஆசிரியர்கள் அநேகமாகப் பெண்கள். பி.எட். முடித்துக் கல்யாணமாகி, வீட்டுக்கு அருகே வேலை என்று வந்து சேர்ந்தவர்கள். சில பள்ளிகளில் அவர்களின் சம்பளம் பள்ளி வேன் ஓட்டுநருடையதைவிடக் குறைவு. மே மாதச் சம்பளம் கிடையாது. ஆண்டு விழாவில் 'பெண்மையைப் போற்றுவோம்' என்று நடனம் ஆடவைக்கும் நிர்வாகம்தான் இது. ஒரு சிறுமி வீட்டுக்கு வெளியே தினமும் பார்க்கும், வேலைக்குப் போகும் முதல் பெண் அவளுடைய மிஸ். நிர்வாகி அவரை எல்லார் எதிரிலும் அதட்டினால், அந்தப் பாடமும் அவளுக்கு நடத்தப்படுகிறது. போன வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர் இந்த வருஷமும் இருக்கிறாரா என்ற ஒரு கேள்வி போதும். ஆண்டுதோறும் பாதிப் பேர் மாறும் பள்ளியில் ரிசல்ட் எப்படி இருந்தாலும் என்ன காரணம் என்று விசாரிக்க வேண்டும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நல்ல தனியார் பிரைமரியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்கிறார். மாணவர் எண்ணிக்கை சரிந்து, இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் தொடக்கப் பள்ளிக்குப் பக்கத்தில் வசிக்கும் பெற்றோரிடம் போய் அரசுப் பள்ளியின் பெருமையைப் பேசுவது வெட்டிப் பேச்சு. வேலைக்குப் போகும் தாய்க்கு, எல்.கே.ஜி. பிள்ளையை ஐந்து மணிவரை வைத்திருக்கும் பள்ளி ஒரு பெரிய உதவி. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் பக்கம் சில தாய்மார்களைத் திரும்ப வைத்திருக்கலாம். ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளையை அரசு எங்கே சேர்த்துக்கொள்ளும் என்ற கேள்விக்கு அங்கன்வாடியைத் தவிர உறுதியான பதில் இன்றும் இல்லை. தனியார் பள்ளி பிள்ளைகளைப் பிடிப்பது அந்த இரண்டு வருட இடைவெளியில்தான்.

பணக் கணக்கில் பெண் பிள்ளைகள் கூடுதலாக இடறும் சில பள்ளங்கள் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேரும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புவரைதான் ஃபீஸ் இல்லை. ஒன்பதாவதில் முழுக்கட்டணம் வந்து நிற்கும்போது அவளுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. படிப்பை நிறுத்தலாமா என்ற பேச்சு வீட்டில் எழும் வயதும் அதுதான். இந்த இடங்களை நம்பித் திட்டமிடுவதும் ஆபத்து. ஒன்றிய அரசோடு நடந்த நிதித் தகராறில் 2025ஆம் ஆண்டுச் சேர்க்கை அக்டோபர்வரை இழுத்துக்கொண்டுபோனது.

இன்னொன்று ஆறாம் வகுப்பு. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு உயர்கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அதற்கு இரண்டாண்டு முன்பே வந்துவிட்டது. பிறகு பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆகவே எல்.கே.ஜி.யில் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், ஐந்தாவது முடிந்ததும் மாற்றலாமா என்பதையும் அன்றைக்கே மனதில் போட்டுவைக்க வேண்டும். விவரமானவர்கள் போடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு: அண்ணன் தனியார் பள்ளியிலேயே தொடர, தங்கைக்கு மட்டும் இந்தக் கணக்கு போடப்படும் வீடுகள். சலுகையைக் காரணம் காட்டிப் பழைய ஏற்பாடு பின்வாசல் வழியே திரும்பிவிடும்.

அக்கா படித்த பள்ளியிலேயே தங்கையையும் சேர்ப்பது இன்னொரு வழக்கம். ஒரே வேன், பழைய யூனிஃபார்ம், கொஞ்சம் ஃபீஸ் சலுகை, குடும்பத்துக்குச் சௌகரியம். அக்காவுக்குப் பொருந்திய கெடுபிடி தங்கையை நசுக்கலாம். முதல் வாரமே, உன் அக்கா எப்படி எழுதுவா தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

தேர்ந்தெடுப்பது என்றால் வெளியேறவும் முடிய வேண்டும். பெற்றோர் பலர் பள்ளியைச் சகித்துக்கொள்வது டி.சி.க்குப் பயந்துதான். ஃபீஸ் பாக்கி என்று டி.சி.யைப் பிடித்துவைப்பதும் அதில் பாக்கியைக் குறிப்பிடுவதும் கூடாது, அது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்பதை நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு தீர்மானிக்கிறது. அதற்கான சட்டம் 2009ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. குழு நிர்ணயித்த தொகையையும் கையில் வந்த ரசீதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பெற்றோர் சொற்பம். புத்தகம், கராத்தே, ஸ்மார்ட் கிளாஸ் என்று துண்டுச் சீட்டில் வாங்கும் மீதிக்கு ரசீதே இருக்காது. கேட்டால் பிள்ளையின் மேல் காட்டிவிடுவார்களோ என்று பயம், அதிலும் பெண் பிள்ளை என்றால் கூடுதல் பயம். அட்மிஷன் அன்றைக்கு, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, எல்லாவற்றுக்கும் ரசீது உண்டா என்று கேட்டுவிடலாம். அன்றைக்குப் பிள்ளை இன்னும் அவர்கள் கையில் இல்லை.