சில மில்லிவினாடிக் காவல்

சீட் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரும் ஏர்பேக்கும் இணைந்தே உயிர் காக்கின்றன. காரைக்குடி–திருமயம் நெடுஞ்சாலையில் விரையும் கார் மோதி நின்றாலும், உள்ளிருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். சென்சார் மோதலை உணர்ந்ததும், டென்ஷனரிலுள்ள சிறு வெடிமருந்து பற்றிக்கொள்ள, பெல்ட்டின் தளர்வு நொடிப்பொழுதில் சுருண்டு உடலை இருக்கையோடு பிணைக்கிறது. விசை மிகுந்தால் சுருளின் அச்சு முறுகி, பெல்ட்டைச் சற்றே நெகிழவிட்டு விலா எலும்புகளைக் காக்கிறது. அதற்குள் ஏர்பேக், வேதிவினையில் பிறந்த வாயுவால் ஏறத்தாழ 30 மில்லிவினாடியில் விரிகிறது. தலை பதிந்ததும் துளைகள் வழியே வாயுவை வெளியேற்றி மென்மையாக ஏந்துகிறது. பெல்ட் அணியாதவருக்கு அந்த விரிவே பேரடியாகலாம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். இறுக்குவது, நெகிழ்வது, ஏந்துவது என மூன்றும் முறை தவறாமல் நிகழும் இந்த ஒழுங்கு பொறியியலின் பேரழகு.