வள்ளியும் நந்தனும்

ஒலிபெருக்கி என்னும் சாதனம் நாடகக் கொட்டகைகளை எட்டாத காலத்தில், பக்கவாட்டில் முழங்கும் கால் ஹார்மோனியத்தையும் மீறி, வேலியோரத்தில் நின்றவன் செவிக்கும் ஸ்பஷ்டமாய்ப் போய்ச் சேர்ந்தது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் சாரீரம். ஆனால் சாரீரத்தை மாத்திரம் சிலாகித்து நிறுத்திக்கொள்வது அந்த அம்மையாருக்கு நியாயம் செய்வதாகாது. தினைப்புனத்துப் பரண்மீது ஏறி, கவணைச் சுழற்றி ஆலோலம் பாடி, வேடனாய் வந்து வம்பளக்கும் எஸ். ஜி. கிட்டப்பாவைப் பேச்சுக்குப் பேச்சு மடக்கும் வள்ளியாகத் தோன்றிய அதே நடிகை, ‘நந்தனார்’ நாடகத்தில் கிட்டப்பா வேதியராக நிமிர்ந்திருக்க, சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் குறுகி நிற்கும் பண்ணையாளாகவும் தாமே வேஷங்கட்டினார் என்பதல்லவா விசேஷம்! வசனத்தில் அவருக்கு அத்தனை நயம் உண்டென்று நான் வாதாட மாட்டேன். தார ஸ்தாயியில் நின்ற பாட்டு கீழிறங்கிப் பேச்சாக மாறும் அந்தக் க்ஷணத்தில்தான் அவருடைய நடிப்பின் ஜீவன் இருந்தது. கிட்டப்பா 1933இல் காலமாகிவிட, 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் மறுபடியும் அந்த ஆண்வேஷத்தைத் தரித்தார். ஊராரோ அந்தப் படத்துக்காக அவர் வாங்கிய லட்ச ரூபாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.