ஒரே மருந்தும் பல காரணங்களும்

தாம்பத்திய உறவில் நாட்டம் குறைந்துவிட்டதென்றோ, தேகம் முன்போல் இசைந்து கொடுப்பதில்லையென்றோ நடுவயதுப் பெண்ணொருத்தி வாய்திறந்து சொல்லத் துணிந்தால், பழி முழுவதையும் மாதவிடாய் நிற்கும் பருவத்தின்மேல் ஏற்றி, ஹார்மோன் மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் மேலைநாட்டு வைத்திய உலகில் நெடுங்காலம் கோலோச்சியது. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மருந்தான பிரெமரின் 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966-இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன், 'ஃபெமினின் ஃபாரெவர்' என்ற நூலில் மாதவிடாய் நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாக வர்ணித்து, ஈஸ்ட்ரோஜனை அதற்குப் பரிகாரமாக முன்வைத்தார்.

இவ்வழக்கத்தில் உண்மையே இல்லையென்று தள்ளிவிடுவதற்கில்லை. ஈஸ்ட்ரோஜன் குன்றும்போது யோனியின் உட்சவ்வு மெலிகிறது, இரத்த ஓட்டமும் இயல்பான ஈரமும் குறைகின்றன, கூடல் வேதனையாகிறது, அவ்வேதனையை அறிந்த தேகம் மறுமுறை முன்கூட்டியே இறுகிக்கொள்ள, இச்சையும் மெல்ல விலகிப்போகிறது. இந்நிலையில், அவ்விடத்தில் மட்டும் சிறிய அளவில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு செய்யும் உபகாரம் பெரிது. இத்தனை எளிய நிவாரணம் இருந்தும், நாணத்தினால் அதைக் கேட்டுப் பெறாமல் ஆண்டுக்கணக்காக வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்களை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

மாத்திரையாக உட்கொள்ளும் கூட்டு ஹார்மோனின் கதை வேறு. 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் அதை வைத்து நடந்த பரிசோதனை, மார்பகப் புற்றுநோய் மிகுந்ததால் 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆயினும் இவ்வழக்கத்தின் தலையாய குறை, காரணம் தெரிந்துவிட்டதென்ற நினைப்பு மேற்கொண்டு விசாரிக்கும் எண்ணத்தையே அடைத்துவிடுவதுதான். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸிடின், செர்ட்ரலின் முதலிய மாத்திரைகள் இச்சையையும் உச்ச உணர்வையும் ஒருங்கே மழுக்கக்கூடியவை. நீரிழிவு நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் பழுதாக்குகிறது. தைராய்டுக் குறைவு சோர்வைத் தருகிறது. கருப்பையோடு சூலகங்களும் அகற்றப்பட்டவளுக்கு இச்சைக்குத் துணைநிற்கும் டெஸ்டோஸ்டிரோனும் திடீரெனச் சரிகிறது. இரவு வியர்வையால் உறக்கம் கெட்டு, பகலெல்லாம் முதியோரையும் பிள்ளைகளையும் பேணிக் களைத்தவளிடம் இச்சை எங்கிருந்து எழும்?

1991-இல் மெல்போர்னில் தொடங்கி, நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்த லொரெய்ன் டென்னர்ஸ்டைன் குழுவினர், ஹார்மோன் மாற்றத்துக்குப் பங்குண்டென ஒப்புக்கொண்டே, துணைவன்பால் உள்ள மனநிலையும் முன்பிருந்த உறவின் தன்மையும் அதனினும் வலிய காரணங்களென்று கண்டனர். ஆண்களுக்குப் பலன் தந்த வயாகராவைப் பெண்களிடம் சோதித்த ஃபைசர் நிறுவனம் 2004-இல் அம்முயற்சியைக் கைவிட்டதும் இதற்கு ஒத்த சான்றே: இரத்தம் பாய்ந்தது, இச்சை பிறக்கவில்லை.

ஆகவே மருத்துவர்கள் மருந்துச்சீட்டை எழுதுமுன், வலி உண்டா, வேறு என்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள், உறக்கம் எப்படி, கணவரோடு மனம் ஒத்திருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்கட்டும். சகோதரிகளும் கூசாமல் விடை சொல்லட்டும்.