திருக்கோளூர் அம்மாள் வார்த்தையும் அன்பின் பல வழிகளும்

வைகாசி விசாகம் நம்மாழ்வாருடைய திருநக்ஷத்ரம். அன்று ஆழ்வார்திருநகரியில் அடியார்கள் கோஷ்டியாகக் கூடித் திருவாய்மொழி ஸேவிக்கிறார்கள். அடியேன் முதுமையில் வந்து தங்கியிருக்கும் உவரியிலோ, சுயம்புலிங்க ஸ்வாமி கோயிலுக்கு வருவோர் கடல்மணலை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து குவிக்கிறார்கள். சொல்லால் செலுத்தும் அன்பு ஒன்று. சுமையால் செலுத்தும் அன்பு மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்போது திருக்கோளூர் அம்மாள் வார்த்தை நெஞ்சில் எழுகிறது.

வைத்தமாநிதிப் பெருமாள் எழுந்தருளியிருப்பதும், மதுரகவியாழ்வார் திருவவதரித்ததுமான அத்திவ்யதேசத்துக்கு எம்பெருமானார் எழுந்தருளியபோது, ஒரு பெண்பிள்ளை ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்தாள். எல்லாரும் புக விரும்பும் ஊரை விடுவானேன் என்று அவர் வினவ, முன்னோர் செயல்களை 81 வார்த்தைகளாக அடுக்கி, இவற்றுள் ஒன்றும் செய்யாத தான் அங்கிருந்து பயனில்லை என்றாள்.

இதனை விரித்துரைப்போர் பலரும் 81 சரித்திரங்களையும் முறையே கூறி, முடிவில் அவளுடைய நைச்யத்தைக் கொண்டாடி அமைவர். அது தகும், ஆயினும் அவ்வளவில் பொருள் முற்றுவதில்லை. எம்பெருமான் தூணிலும் உளன் என்ற ப்ரஹ்லாதனை அடுத்தே, அவனைத் தாழியில் ஒளித்துவைத்து இங்கில்லை என்ற ததிபாண்டனை நிறுத்துகிறாள். ஒருவன் உண்மை உரைத்தான். மற்றவன் பொய் உரைத்தான். முன்னவனுக்காகத் தூணில் தோன்றியவனே பின்னவனுக்கும், அவன் தாழிக்குங்கூட, மோக்ஷம் அளித்தான். ஜடாயு பொருது உயிர் விட்டார். த்ரௌபதி இருகைகளையும் விட்டுச் சரணம் புகுந்தாள். இவற்றை ஏற்றத்தாழ்வுப் படிகளாக வைத்து அளக்க இடமில்லை. தருபவர் இயல்புக்கேற்ப அன்பு வடிவு கொள்கிறது. ஏற்பவன் அவ்வடிவிலேயே ஏற்கிறான்.

வடுகநம்பியும் இவ்வரிசையில் உண்டு. நம்பெருமாள் புறப்பாட்டை ஸேவிக்க எம்பெருமானார் அழைத்தபோது, ஆசார்யனுக்குக் காய்ச்சும் பால் பொங்கிவிடும் என்று அவர் வரவில்லை. இதனை அடியேன் பலமுறை உபந்யஸித்ததுண்டு. ஆனால் உபந்யாஸத்தில் வந்து அமராமல் வந்தவர்களுக்குத் தளிகை செய்துகொண்டிருந்த தர்மபத்னியை, பகவத்விஷயத்தில் ருசியில்லாதவள் என்று கடிந்ததும் உண்டு. மேடையில் சொன்ன வடுகநம்பியை அகத்தில் காணவில்லை. அவள் பரமபதித்த பின்னரே அது விளங்கிற்று.

அம்மாளுக்கு நேர்ந்ததும் இதுவே. பிறருடைய அன்பின் வடிவைக் கோலாகக் கொண்டு தன்னை அளந்தாள். அளவில் தனக்கு ஒன்றும் இல்லை என்று கண்டாள். திருவாய்மொழி ஆறாம்பத்தின் ஏழாம் திருமொழியில், மகள் காதலால் வீட்டைத் துறந்து திருக்கோளூருக்கே போய்விட்டாள் என்று தாய் கலங்குகிறாள். இங்கே அதே காதலால் ஒருத்தி அவ்வூரை விட்டு வெளியேறுகிறாள். புகுதலும் புறப்படுதலும் எதிரான செயல்கள், அன்பு ஒன்றே.

இதனை அறிந்தவர் எம்பெருமானார். ஒன்றும் செய்யவில்லை என்றவளிடம் அன்பில்லை என்று அவர் கொள்ளவில்லை. அவளை அழைத்துக்கொண்டு மீண்டும் ஊர் புகுந்து, அவள் இல்லத்தில் அவள் செய்த தளிகையை அமுதுசெய்தார் என்பது ஸம்ப்ரதாயம். அன்பு செய்தவர்களை அம்மாள் வரிசையில் காண்கிறோம். அன்பை ஏற்கும் முறையை எம்பெருமானார் செயலில் காண்கிறோம். இவ்வார்த்தையை விரித்துரைப்போர் இப்பகுதியையும் விடாமல் உரைக்க வேண்டும் என்பதே அடியேன் விண்ணப்பம். பெரியோர் பிழை பொறுத்தருள்க.