குரலை உயர்த்தாத ஜூடி டென்ச்

1995-ல் வெளிவந்த ‘கோல்டன் ஐ’ படத்தில் ஒரு காட்சி. உளவுத்துறையின் புதிய தலைவி எம், ஜேம்ஸ் பாண்டைத் தன் அறைக்கு வரவழைத்து, பெண்களை மதிக்கத் தெரியாதவன், பனிப்போர் காலத்து மிச்சம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். தேவைப்பட்டால் அவனைச் சாவுக்கு அனுப்பவும் தயங்கமாட்டேன் என்கிறார். பாண்ட் புறப்படும்போது, உயிரோடு திரும்பி வரும்படி சொல்லி அனுப்புகிறார். மிரட்டலுக்கும் அக்கறைக்கும் குரலின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறுவதெல்லாம் வேகமும், சொல்லுக்கு முன் விடும் இடைவெளியும். அதுவரை பாண்ட் படங்களில் ஆண்களே அமர்ந்திருந்த நாற்காலி அது. ஒரே காட்சியில் அதைத் தனதாக்கிக்கொண்ட ஜூடி டென்ச்சுக்கு அப்போது வயது அறுபது.

உலகெங்கும் உள்ள திரைப்பட ரசிகர்கள் பலருக்கு அவர் அறிமுகமானது அப்படித்தான். பிரிட்டனின் நாடக ரசிகர்களோ அவரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வந்தவர்கள். 1934-ல் யார்க் நகரில் பிறந்தவர், 1957-ல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ‘ஹாம்லெட்’டின் ஒஃபீலியாவாக வந்தார். 1968-ல் ‘காபரே’ இசை நாடகம் லண்டனுக்கு வந்தபோது அதன் நாயகி சாலி போல்ஸ் அவர்தான்.

ஆனால் அவருடைய நடிப்பின் அடித்தளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 1976-க்குப் போக வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு ‘தி அதர் பிளேஸ்’ என்றொரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே ட்ரெவர் நன் ‘மாக்பெத்’தை இயக்கினார். மாக்பெத்தாக இயன் மெக்கெல்லன், சீமாட்டி மாக்பெத்தாக டென்ச். அரண்மனை இல்லை, திரைச்சீலை இல்லை. தரையில் ஒரு வட்டம்; தன் முறை வரும்வரை நடிகர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பார்வையாளர்கள் கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில். அந்த இடத்தில் மேடைக்கான பெரிய அசைவுகளும் பெரிய குரலும் எடுபடாது. தூக்கத்தில் நடக்கும் காட்சியில் டென்ச் ஒரே ஒரு ஓலத்தைத்தான் பயன்படுத்துகிறார். அது மூச்சாகத் தொடங்கி, கேவலாகி, தாங்க முடியாத அளவுக்கு நீண்டு, நெஞ்சில் காற்று தீர்ந்த இடத்தில் நிற்கிறது. அதுவரை அவ்வளவு அடக்கி வாசித்ததால்தான் அந்த ஓலம் அப்படி உலுக்குகிறது. இந்த நாடகம் படமாக்கப்பட்டு 1979-ல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. காட்சிக்குக் காட்சி நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய பதிவு அது.

சின்ன இடத்துக்கு மட்டுமே ஏற்ற நடிப்பா அது? 1987-ல் அதற்குப் பதில் வந்தது. நேஷனல் தியேட்டரின் ஒலிவியர் அரங்கு ஆயிரம் இருக்கைகளுக்கு மேல் கொண்டது. பீட்டர் ஹால் அங்கே ‘ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா’வை இயக்க, ஆண்டனியாக ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்தார். ஐம்பதைக் கடந்த, குட்டையான தான் கிளியோபாட்ராவா என்று டென்ச்சுக்கே சந்தேகம். செய்யுள் வரியை உடைக்கக் கூடாது, மூச்சை அதன் கடைசிச் சொல்வரை கொண்டுபோக வேண்டும் என்பதில் ஹால் கறாரானவர். அந்தக் கறாரும் டென்ச்சின் மூச்சுக் கட்டுப்பாடும் சேர்ந்தபோது கிளியோபாட்ராவின் கோபம், கிண்டல், ஏக்கம் எல்லாம் ஒரே வரிக்குள் மாறி மாறி வந்தன. சிறந்த நடிகைக்கான ஒலிவியர் விருது அவருக்குக் கிடைத்தது.

சினிமா அவரைக் கண்டுகொண்டது அதற்கும் பிறகுதான். 1997-ல் வந்த ‘மிஸஸ் பிரவுன்’ பிபிசி தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட படம். கணவனை இழந்த விக்டோரியா ராணியாக அவர் நடித்த விதத்தால் அது திரையரங்குகளுக்கும் போனது. முதல் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அடுத்த ஆண்டே அதே இயக்குநர் ஜான் மேடன், ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தில் அவரை முதலாம் எலிசபெத் ராணியாக்கினார். மொத்தம் சுமார் எட்டு நிமிடங்கள்தான் வருகிறார். கடைசியில் வழியில் ஒரு சேற்றுக் குட்டை. மேலங்கியை விரிக்கப் பிரபுக்கள் தடுமாற, ராணி காத்திராமல் அதிலேயே நடந்து போய்விடுகிறார். ஓர் ஆட்சியாளரின் அலுப்பும் அதிகாரமும் அந்த நடையில் இருக்கின்றன. 1999-ல் துணை நடிகைக்கான ஆஸ்கர் அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் ‘ஏமிஸ் வியூ’ நாடகத்துக்காக பிராட்வேயின் டோனி விருதும்.

எல்லாப் படங்களும் அவருடைய தரத்துக்கு எழவில்லை. 2017-ன் ‘விக்டோரியா அண்ட் அப்துல்’, மறுபடி விக்டோரியாவாக அவரை நடிக்க வைத்தும், ‘மிஸஸ் பிரவுன்’ தொட்ட ஆழத்தைத் தொடவில்லை. ‘கேட்ஸ்’ படத்தைப் பற்றிச் சொல்லவே ஒன்றுமில்லை.

‘ஃபிலோமினா’ (2013) வேறு உயரம். பறிக்கப்பட்ட மகனைத் தேடிப் பல பத்தாண்டுகளுக்குப் பின் மடத்துக்குத் திரும்பும் தாய், வயதான கன்னியாஸ்திரியை மன்னிக்கிறாள். உடன் வந்த பத்திரிகையாளர் கொதிக்கிறார், அவள் கொதிக்கவில்லை. மன்னிப்பது எளிதல்ல என்பதை அவரிடம் சொல்லும் அந்த நொடியில் டென்ச்சின் முகம் கருணையைக் காட்டுவதைவிட அதற்காகப் பட்ட பாட்டையே அதிகம் காட்டுகிறது. வேறு யார் நடித்திருந்தாலும் அங்கே கண்ணீரைத்தான் நம்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

விழித்திரைச் சிதைவால் பார்வை மங்கிவருவதை அவர் 2012-ல் வெளியே சொன்னார். அதற்குப் பின் வசனத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டே மனப்பாடம் செய்தார். அப்படியும் 2015-ல் லண்டன் கேரிக் அரங்கில், கென்னத் பிரனாவின் ‘தி விண்டர்ஸ் டேல்’ நாடகத்தில் பாலினா ஆனார். அரசனையே எதிர்த்து நின்று குற்றம் சாட்டும் பாத்திரம் அது. அதற்காக 2016-ல் இன்னொரு ஒலிவியர் விருது. பிரனா இயக்கிய ‘பெல்ஃபாஸ்ட்’ படத்துக்காக 2022-ல் எட்டாவது ஆஸ்கர் பரிந்துரை வந்தபோது அவருக்கு வயது 87.