துடக்கும் நோயும்: முற்போக்கு உருவகமொன்று பற்றிய விமர்சனக் குறிப்பு

'சாதி ஒரு மனநோய்' என்னும் தொடர் நமது முற்போக்கு எழுத்திலே தாராளமாக வழங்கி வருகின்றது. தீண்டத்தகாதவர் எனக் கருதப்பட்டோர் வந்துபோன இடத்தில் நீர் தெளிப்பவரை, ஓயாது கை கழுவும் நோயாளியோடு ஒப்பிடுவதும் அவ்வழிப்பட்டதே. இவ்வொப்புமை எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்வது அவசியமாகும். ஏனெனில், இதனால் சாதி பற்றிய விளக்கமும் நோய் பற்றிய விளக்கமும் ஒருங்கே பழுதுறுகின்றன.

ஒப்புமைக்குக் கல்விசார் பின்னணியும் உண்டு. 1907இல் வெளிவந்த கட்டுரையொன்றிலே சிக்மண்ட் பிராய்ட், நோயாளி தனக்கென வகுத்துக்கொண்ட கட்டாயச் செயல்களை மதச் சடங்குகளோடு ஒப்பிட்டார்; நோயைத் தனிமனித மதமாகவும், மதத்தைப் பொது நோயாகவும் கண்டார். பொருளற்றதாகத் தோன்றும் செயலுக்கும் பொருளுண்டு என அவர் உணர்த்தியது பெரும் பங்களிப்பே. ஆயினும், சடங்கொன்றினால் சமூகத்திலே பயன் பெறுபவர் யார் என்ற வினா அங்கு எழவில்லை. மார்க்சிய விமர்சகர் தொடங்க வேண்டிய இடம் அதுவேயாகும்.

யாழ்ப்பாணத்துத் தீண்டாமையை எடுத்துக்கொள்வோம். தேநீர்க் கடையிலே வேறு பாத்திரம், கோயில் வாசலிலே தடை, கிணற்றிலே மறுப்பு ஆகியன நிலவுடைமையோடும் மலிவான உழைப்போடும் பிணைந்திருந்தவை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலும் 1968இல் மாவிட்டபுரத்திலும் மக்கள் போராட வேண்டியிருந்தது. 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலின் வலிமை, ஒடுக்குவோரை நோயாளிகளாக்காது அதிகாரமுடையோராகக் காட்டியமையிலே தங்கியுள்ளது. தீண்டாமையைக் கடைப்பிடித்தவர் அதனால் வருந்தவில்லை. அது அவருக்குப் பெருமையாகவும் ஆதாயமாகவும் இருந்தது. அதனை நோய் என்பது அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகும்.

எண்ணச் சுழற்சி நோயின் இயல்பு வேறு. மருத்துவர் ஓசிடி எனச் சுருக்கி வழங்கும் இந்நோயிலே, விரும்பாத எண்ணமொன்று மீண்டும் மீண்டும் புகுந்து அச்சமூட்டும். அவ்வச்சத்தைத் தணிக்கக் கழுவுதல், எண்ணுதல், பூட்டைச் சரிபார்த்தல் முதலியன செய்யப்படும். தணிவு சிறிது நேரமே நிலைக்கும், அச்சமோ வலுப்பெறும். தெய்வ நிந்தனையான எண்ணமும், தன் குழந்தைக்குத் தானே தீங்கு செய்துவிடுவேனோ என்ற அச்சமும் இதன் வடிவங்களே. அவை நோயாளியின் விருப்பங்கள் அல்ல; அவர் அஞ்சி வெறுப்பவை. வெட்கத்தால் அவற்றைப் பல்லாண்டுகள் மறைப்போர் உளர்.

அவ்வாறாயின் சமூகத்துக்கு இதில் பங்கில்லையா? உண்டு. கொக்குவிலிலே ஒரு வளவைக் கற்பனை செய்வோம். மருமகள் துடக்குக் கழிந்த பின்னரும் நாள்தோறும் பலமுறை தலை முழுகுகிறாள். பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப விளக்குகிறாள். அயலவர் அவளை நல்ல சுத்தக்காரி எனப் புகழ்கின்றனர். அவள் சொற்படி பிள்ளைகளும் கிணற்றடியிலே கால் கழுவிய பின்னரே உள்ளே வருகின்றனர். கை வெடித்துக் குருதி கசியும்போதே ஏதோ பிழை என்பது தெரிகின்றது. துடக்கு பற்றிய நம்பிக்கை இந்நோயை உண்டாக்கவில்லை. அதற்கு உள்ளடக்கத்தை வழங்கியது, பின்னர் அதனை மறைத்தும் வைத்தது. மூளையின் செயற்பாட்டுக்கும் பரம்பரைக்கும் இந்நோயிலே பங்குண்டு. இதனை மறுத்து யாவற்றையும் சமூகத்தின்மேல் ஏற்றுவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமே. போரின் உளக்காயங்களைச் சமூகத் தளத்திலும் வைத்து நோக்கிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 1998ஆம் ஆண்டு ஆங்கில நூல், இவ்விரு தளங்களையும் இணைத்துப் பார்க்க நமக்குத் துணையாகும்.

சிகிச்சையும் உண்டு. 1966இல் லண்டனிலே விக்டர் மேயர் என்னும் உளவியலாளர், நோயாளி தாம் அஞ்சும் பொருளை எதிர்கொள்ளவும் அதன்பின் சடங்கைச் செய்யாதிருக்கவும் உதவும் முறையை எடுத்துரைத்தார். படிப்படியாக, நோயாளியின் சம்மதத்தோடு மேற்கொள்ளப்படும் இம்முறை இன்றும் முதன்மையானது. செரட்டோனின் சார்ந்த மருந்துகளும் பயன் தருகின்றன. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லலாம். வீட்டார் ஏசுவதும் கேலி செய்வதும் பயன் தரா. சடங்குகளிலே தாமும் பங்குகொள்வதை, மருத்துவர் ஆலோசனையோடும் நோயாளியின் உடன்பாட்டோடும், அவர்கள் மெல்லக் குறைக்க வேண்டும். மருத்துவ பீடம் கொக்குவிலிலேயே உள்ளது, யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. அரச வைத்தியசாலையிலே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வீட்டு வாசலிலிருந்து அங்கு செல்லும் தூரத்தை நீளச் செய்வது பெரும்பாலும் 'விசர்' என்ற பட்டமே.

அப்பட்டத்தை நமது கவிதைகளும் கட்டுரைகளும் ஒடுக்குவோருக்குச் சூட்டும்போது, அது போய்த் தைப்பது அம்மருமகளையே. சாதியை அதன் பொருளியல் அடிப்படையிலே வைத்து எழுதுவோம். நோயாளியை நமது வசைச் சொற்களிலிருந்து விடுவிப்போம். சொற்களைக் கையாளும் நமக்கு இது மிகையான கடமையன்று.