'சி': ஆங்கிலத்துக்கு வேண்டாத எழுத்தா?

'சி' இலத்தீன் அரிச்சுவடியின் மூன்றாவது எழுத்தாகும். செவ்வியல் இலத்தீனில் இது ககர ஒலியையே குறித்தது. சிசெரோவின் பெயரை உரோமர் 'கிகெரோ' என்றே ஒலித்தனர். பின்னர் பிரெஞ்சு மொழியில் எ, இ ஒலிகளுக்கு முன் இது ஸகரமாயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அவ்வழக்கம் ஆங்கிலத்திலும் புகுந்தது.

'கே', 'எஸ்' இருக்க இது எதற்கு என்பது பழைய குறை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1768இல் வகுத்த எழுத்துமுறையில் இதை நீக்கினார். ஒலியை மட்டும் நோக்கினால் அது சரியே. ஆனால் 'எலெக்ட்ரிக்', 'எலெக்ட்ரிசிட்டி' என்னும் சொற்களில் ஒலி மாறியும் 'சி' மாறவில்லை. ஒன்றில் 'கே', மற்றதில் 'எஸ்' என எழுதினால் அவற்றின் உறவு மறைந்துவிடும். எழுத்துக்கூட்டலில் தடுமாறும் மாணவருக்கு இவ்வுறவைக் காட்டினால் மனப்பாடச் சுமை குறையும். ஆகவே 'சி' வீண் எழுத்தன்று.